அடுப்படி வரைக்கும் வந்தவர்

ஒரு வீட்டுக்கு முதன்முறை போகிற ஆர்க்கிடெக்ட் வாசலில் நின்று தெருவைப் பார்ப்பார், மனையை அளப்பார், கிழக்கு எது என்று விசாரிப்பார். எங்கள் சார் இதில் எதையும் செய்ய மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டுக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அக்காவைப் பாக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே நேராக அடுப்படிக்குப் போய்விடுவார். அங்கே நாற்காலி இருக்காது. கவிழ்த்துப் போட்ட வாளி, அரிசி டின், தேங்காய் துருவுகிற பலகை, எது கிடைக்கிறதோ அதில் உட்காருவார். ஆறடி மனிதர் முழங்கால் மோவாயை இடிக்க அப்படிக் குந்தியிருப்பதைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பிறகு கூச்சம் போய்விடும். அப்புறம் அவர் கேட்க ஆரம்பிப்பார்.

"காலையில முதல்ல எந்திரிக்கிறது யாரு?"

"நனைஞ்ச துணியை எங்கன காயப் போடுதிய?"

"விருந்தாள் வந்தா நீங்க எங்க போய் நிப்பிய?"

"உங்களுக்குத் தலைவலின்னா எந்த ரூம்ல படுப்பிய?"

ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி ஆறுவதற்குள் அந்த வீட்டுப் பெண் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். மாமியாரின் இருமல், தள்ளிக்கொண்டே போகும் மகன் கல்யாணம், கொழுந்தனோடு பேச்சு நின்றுபோன கதை, எல்லாம். சார் எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்துக் கேட்பார். இடது காது கொஞ்சம் மந்தம் என்பார். ஆபீசில் மூத்த டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த முத்துராஜ் அண்ணன் மட்டும் அதை நம்பவில்லை.

"அவருக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்கும், தங்கச்சி. ஒரு காதைக் காட்டுனா எதிர்ல நிக்கவங்க கிட்ட வந்து பேசுவாங்கல்லா. அதுக்குத்தான்."

அப்போது நான் முத்துராஜ் அண்ணனைப் பொறாமைக்காரர் என்று நினைத்தேன்.

சார் ஊரைவிட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. சென்னையில் மகள் வீட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு இப்போது சொந்தமாக ஆபீஸ் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள், "நீங்க அவருகிட்ட வேலை பாத்தவங்கதான?" என்று கேட்கிறார்கள். சிலர் அதை மரியாதையாகக் கேட்கிறார்கள். சிலர் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வகைக்கும் நான் "ஆமா" என்று மட்டும்தான் சொல்கிறேன்.

மதுரையில் படிப்பை முடித்துவிட்டு அவரிடம் வேலை கேட்டுப் போனபோது என் கல்லூரிப் படங்களை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. கயிறும் நங்கூரமும் படகுக்குப் பூசும் தாரும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். தார் வாசனை ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "உங்க வீட்டை வரைம்மா" என்றார். வரைந்தேன். தாத்தா கட்டிய வீடு; ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னறை, அப்பாவின் அறை, நடைபாதை, கூடம், சாமான் அறை, கடைசியில் அடுப்படி, அதற்கு வெளியே கிணறு.

"அடுப்படிக்கு ஜன்னல் போட மறந்துட்டியேம்மா."

"மறக்கல சார். கிடையாது."

தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அவர் வரைந்த வீடுகள் நன்றாக இருந்தன என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சும்மா இல்லை, உண்மையாகவே நன்றாக இருந்தன. கிரைண்டருக்கு நேரே சின்னதாக ஒரு ஜன்னல் வைப்பார். மாவாட்டுகிறவள் பள்ளிக்கூட வேன் திரும்புவதை அங்கிருந்தே பார்க்கலாம். துறைமுகத்துப் பக்கமிருந்து கரித்தூள் பறக்கிற மாதங்களில் துணி காயப் போட இடமில்லை என்று ஒருத்தி சொல்லியிருந்தால், காற்று நேராக அடிக்காத மூலையில் அவளுக்கு ஒரு மறைவு கிடைக்கும். படகு முதலாளி ஒருவரின் தாயார் பின்வாசல் படியில் படுத்துக் கடல் பார்த்தே பழகியவர். அவருக்காகக் காம்பவுண்டுச் சுவரையே ஒரு முழம் இறக்கினார் சார். திருடன் வருவான் என்று மகன் சண்டை போட்டார். "அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் இறக்குனேன்" என்று சொல்லிவிட்டுச் சார் போய்விட்டார்.

எல்லா அடுப்படிக்குள்ளும் போனவர், தன் வீட்டுக்குள் யாரையும் விட்டதில்லை. ஏரலிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த நாள் முதல் ஒரே வாடகை வீட்டில்தான் இருந்தார். படத்தில் கையெழுத்து வாங்க நாங்கள் போனால் கேட்டுக்கு வெளியே வந்து, ஸ்கூட்டர் சீட்டின் மேல் தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார். அவருடைய மனைவியின் குரலை நான் கேட்டிருக்கிறேன். முகத்தைப் பார்த்ததில்லை.

அவர் படம் வரைகிறவராகவே இருந்திருந்தால் இதெல்லாம் ஒரு மனிதரின் விநோதங்கள் என்று போயிருக்கும்.

உப்பளத்துப் பக்கம் ஒரு பில்டருக்காக அவர் அடுக்குமாடி ஒன்று வரைந்திருந்தார். அதில் ஒரு வீட்டில் பால் காய்ச்சுகிற அன்றைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உச்சிவேளை. மாடி நடையில் லைட் எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சமும் காற்றும் இறங்குவதற்காகக் கட்டடத்தின் நடுவே ஆகாயம் தெரியத் திறந்துவிடுகிற இடத்தை ஓ.டி.எஸ். என்போம். அவர் வரைந்த அந்த இடத்தை மாடிக்கு மாடி தளம் போட்டு மூடி, சாமான் அறை என்று விற்றிருந்தார்கள். சார் அந்தப் புதுச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள்.

"பகல்லயும் லைட்டைப் போட்டுட்டுல்லா இருக்கோம். யாரு சார் இந்த பிளானைப் போட்டது?"

"நான்தாம்மா" என்றார்.

வேறு விளக்கம் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க் கேட் திறந்ததும், "இனிமே நான் வரையத நானே கட்டி நானே விக்கப் போறேன்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆபீசில் எல்லோருக்கும்தான். இனி எங்கள் ஜன்னலை யாரும் அடைக்க மாட்டார்கள் என்று நினைத்தோம். முத்துராஜ் அண்ணன் மட்டும் பென்சிலைச் சீவிக்கொண்டே, "மனைக்கு எங்க போவாரு?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. வரைகிறவருக்கு மனை வேண்டாம். மனையோடுதான் ஆள் வரும். கட்டி விற்கிறவர் மனையைத் தேடிப் போக வேண்டும். தூத்துக்குடியில் ஊருக்கு நடுவே காலி மனை ஏது? பழைய வீடு விழுந்தால்தான் மனை. எந்தப் பழைய வீட்டில் யாருக்கும் யாருக்கும் ஆகவில்லை, யார் வெளியூர் போக நினைக்கிறார்கள், யாருக்குப் படியேற முடியவில்லை என்பது இந்த ஊரில் ஒருவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அவர் கட்டிய முதல் அடுக்குமாடி, சங்கு வியாபாரம் செய்துவந்த அண்ணன் தம்பி இரண்டு பேருடைய பூர்வீக வீடு இருந்த இடம். பின்கட்டு முழுக்கச் சங்கு குவிந்து கிடக்கும். தெருமுனையிலேயே வாடை வந்துவிடும். அவர்கள் முதலில் வந்தது, நடுவில் சுவர் வைத்து வீட்டை இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லித்தான். சார் வழக்கம்போல இரண்டு அடுப்படியிலும் போய் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தார். பிரிக்கிற படத்தை நான்தான் கம்ப்யூட்டரில் போட்டேன். போட்டு முடித்த பிறகு, "அதை அப்படியே வையி" என்றார். கொஞ்ச நாளில் வீட்டை முழுக்க இடித்து ஃபிளாட் கட்டுவதாகவும், அண்ணனுக்கும் தம்பிக்கும் பங்கு ஃபிளாட் தருவதாகவும் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தது.

ஒரு மதியம் தம்பிக்காரர் படியேறி வந்தார். மூச்சு வாங்க நின்றார்.

"உக்காருங்க" என்றார் சார்.

"உக்கார வரல. உம்மகிட்ட ஒண்ணு கேக்கணும். என் சம்சாரம் அடுப்படியில வச்சு உம்மகிட்ட ஒரு விஷயம் சொல்லிருக்கா. மக கோயம்புத்தூர்ல இருக்கா, நாங்களும் அங்கன போயிரலாம்னு இருக்கோம்னு. என்கிட்ட கூட அவ அப்படிச் சொன்னதில்ல. அது எங்க அண்ணன் காதுக்கு எப்படிப் போச்சு?"

சார் தலையைச் சாய்த்தார். "காப்பி சொல்லட்டுமா?"

"எங்க அண்ணன் வந்து சொல்லுதான், நீதான் ஊரை விட்டுப் போறியே, உனக்கு எதுக்குப் பாதி வீடு, இடிச்சிருவோம்னு. இது நீரு செஞ்ச வேலையா இல்லையா?"

"ஃபிளாட் உங்களுக்கு வேண்டாமா?"

"அது இல்ல கேள்வி."

"எனக்கு அதுதான கேள்வி" என்றார் சார். அவர் குரலில் கோபமே இல்லை.

இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் ஏதோ ஒரு வகையில் சமாதானமாகியிருப்பேன். அவர் இரண்டும் சொல்லவில்லை. தம்பிக்காரர் இறங்கிப் போனார். முத்துராஜ் அண்ணன் தன் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "காது மந்தம்லா" என்று முணுமுணுத்தார்.

கட்டடம் எழும்பியது. நடுவில் ஆகாயம் தெரிந்தது. கீழ்த்தளத்தில் நின்றால்கூடப் பகலில் பேப்பர் படிக்கலாம். கதவு, பூட்டு சரிபார்க்க நான் போனபோது தம்பிக்காரரின் மனைவி மூன்றாம் மாடியில் குடிவந்திருந்தாள். கடல் காற்று திரைச்சீலையைத் தூக்கி அவள் முகத்தில் போட்டுக்கொண்டிருந்தது.

"இங்கன வந்தப்புறம் எனக்கு மூச்சே இளைக்கல, பாத்துக்கோ" என்றாள். "அந்தச் சங்கு வாடைக்குள்ள எப்படித்தான் கிடந்தேனோ."

"கோயம்புத்தூருக்கு எப்பக்கா போறிய?"

"கோயம்புத்தூருக்கா? எதுக்கு?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள்.

வீடு வந்து சேருகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லையா, சொன்னதை மறைக்கிறாளா, அல்லது சாரிடம் வேறு எதையோ சொல்லி அதை அவர் கோயம்புத்தூர் என்று மாற்றிவிட்டாரா?

அதற்குப் பிறகு அவர் பார்க்கப் போன வீடுகளில் இன்னும் ஒன்று இரண்டு விழுந்தன. ஊர் சும்மா இருக்குமா? அவர் காப்பி குடித்த வீடு நிற்காது என்று கடைத்தெருவில் பேச ஆரம்பித்தார்கள். ஒரு டாக்டர் வீட்டுக்கு மாடி எடுத்துக் கட்டுவதற்காகப் போயிருந்தோம். சார் செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்காவைப் பாக்கலாமா?" என்று கேட்டார். "அவ கோயிலுக்குப் போயிருக்கா" என்றார் டாக்டர். உள்ளே தாளிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் வேலைக்காரப் பெண் காப்பியை வாசலுக்கே கொண்டு வந்தாள். சார் நின்றபடியே குடித்தார். டம்ளரைக் கொடுக்கும்போது, "கருப்பட்டி நல்லா இருக்கு, அக்காகிட்ட சொல்லு" என்றார். அப்போது அவர் காது நுனி சிவந்திருந்ததைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை நான் நம்பலாமா என்றும் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. ஓட்டுக் கூரையை மாற்றி அப்பா போட்ட கான்கிரீட் அது. உப்புக் காற்றில் உள்ளே கம்பி துருவேறி உப்பி, சிமெண்டைச் செதில் செதிலாகத் தள்ளிக்கொண்டிருந்தது. சாரைக் கூட்டி வர எனக்கு மனமில்லை. முத்துராஜ் அண்ணனை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் அப்பா துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையரானவர்; எதையும் மேலதிகாரியிடம் நேரே சொல்லிப் பழகியவர். ஒருநாள் நான் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்க ஆபீசுக்கு வந்தவர், சாரிடமே கேட்டுவிட்டார்.

"சனிக்கிழமை வாரேன்" என்றார் சார்.

வந்தார். முன்னறையில் அப்பாவிடம் தாத்தாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நடைபாதையில், அடுப்படிக்கு வழியை மறித்த மாதிரி நின்றுகொண்டேன். இன்றைக்கு அவர் முன்னறையைத் தாண்ட மாட்டார் என்பதுதான் என் எண்ணம். அப்பா எழுந்தார்.

"மொட்டை மாடியைப் பாத்துருவோம், வாங்க. ஜெபா, நீயும் வா, அந்த விரிசலைக் காட்டு."

"முட்டு வலிக்கி சார்" என்றார் சார். "நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்."

அதற்கு முந்தின நாள் நாலாம் மாடிச் சாரத்தில் அவர் ஏறி நின்றதை நான் பார்த்திருந்தேன். ஆனால் அப்பா முன்னால் என்ன சொல்வது? மேலே போய், விரிசலைக் காட்டி, அப்பா சொல்லி முடிப்பதற்குள் இறங்கி ஓடி வந்தேன். முன்னறை காலியாக இருந்தது. அடுப்படியில் அரிசி டின் மேல் சார் உட்கார்ந்திருந்தார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. பேசி முடித்த மௌனமா, பேசாமல் இருந்த மௌனமா என்று எனக்குத் தெரியவில்லை.

"என்ன கேட்டாரு?" என்று அவர் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன்.

"என்ன கேப்பாரு? துணி காயப் போடுத இடத்தைக் கேட்டாரு."

இரண்டு வாரம் போயிருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கிற என் கூடப்பிறந்த அண்ணன் போன் செய்தான். "உங்க சார் பேசுனாரு ஜெபா. பழைய வீட்டை எத்தனை தடவைதான் ஒட்டுப் போடுவிய? அவரு சொல்லுதது எனக்குச் சரியாத்தான் படுது. அப்பாவுக்கு வேணும்னா தெருவைப் பாத்த ஃபிளாட்டா எடுத்துக்கலாம்."

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனதும் பையைக்கூட இறக்கி வைக்காமல் அவர் மேஜை முன்னால் நின்றேன்.

"எங்க அண்ணன் நம்பர் உங்களுக்கு யார் சார் கொடுத்தா?"

"கொடுத்தவங்க கொடுத்தாங்க."

"எங்க வீட்டு அடுப்படியில என்ன கேட்டிய?"

"வீடு பாக்க வந்தவன் கேக்கதைத்தான் கேட்டேன்."

"அன்னைக்கு உங்களுக்கு முட்டு வலி இல்ல."

அவர் தலையைச் சாய்த்து என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு மயங்கித்தான் ஊர்ப் பெண்கள் எல்லாம் வாயைத் திறந்தார்கள் என்று தோன்றியது. எனக்கு உடம்பு கூசியது.

"ஜெபா, உனக்கு என்னம்மா வேணும்? வீடா, இல்ல நான் தப்பு செஞ்சேன்னு நான் சொல்லணுமா?"

"உண்மை வேணும் சார்."

"அது என்கிட்ட இல்லம்மா" என்றார்.

அன்றைக்கே வேலையை விட்டேன். முத்துராஜ் அண்ணன் கீழே கயிற்றுக் கடை வரைக்கும் கூட வந்தார். நான்தான் முதலிலேயே சொன்னேனே என்று அவர் சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அப்பா ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடிவாதமாக இருந்தார். "உன் ஆபீஸ்காரன் வீட்டுக்குள்ள வந்துட்டுல்லா போயிருக்கான்" என்று என்னைப் பார்த்தபோதெல்லாம் சொன்னார். அம்மாவிடம் கேட்டால், "அப்பா சொல்லுதபடி செய்ங்க" என்பாள். கடைசியில் கூடத்துக் கூரையிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து காலியாகக் கிடந்த கட்டிலில் விழுந்தது. அண்ணன் ரயிலேறி வந்தான். அப்பா கையெழுத்துப் போட்டார்.

வீட்டை இடித்த நாட்களில் அப்பா எதிரே இருந்த டீக்கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா ஒருநாள்கூட அந்தத் தெருப்பக்கம் வரவில்லை. பார்க்கச் சகிக்காமல்தான் வரவில்லை என்று எல்லோரும் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஐயர்கூட அவளுக்காக ஒரு ஜெபம் செய்தார்.

எங்களுக்கு மூன்றாம் மாடி. அம்மாவின் அடுப்படி கிழக்கே பார்த்து இருந்தது. அடுப்புக்கு நேரே அகலமான ஜன்னல். அப்பாவுக்கு பால்கனியிலிருந்து துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. முதல் மாதம் அவர் அந்தப் பக்கம் நாற்காலியைத் திருப்பவே இல்லை. பிறகு ஒருநாள் நான் பால்கனிப் பக்கம் போனபோது, "அந்தா நிக்கிறது பாத்தியா, அது கரி இறக்க வந்த கப்பல் இல்ல, கண்டெய்னரு" என்று சொன்னார். அதற்குமேல் வீட்டைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ அவர் எதுவும் பேசியதில்லை. அந்த நாற்காலியில் சில வருஷங்கள் நன்றாகவே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

தண்ணீர்க் குழாய், லிஃப்ட் என்று ஏதாவது பார்க்கச் சார் அவ்வப்போது வருவார். அவர் குரல் கேட்டால் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அடுப்படியில் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்கும். எங்களிடம் அம்மா அப்படிச் சிரித்ததில்லை. இன்னும் இவளிடமிருந்து எதை உருவிக்கொண்டு போகிறார் இந்த மனுஷன் என்று கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொள்வேன். ஒன்றும் பிடிபடாது.

அப்பா போன மறுவருஷம், ஒரு மத்தியானம், அம்மாவும் நானும் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். மார்க்கெட் பக்கம் சார் இன்னொரு பழைய வீட்டை எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"இன்னொரு வீடு விழுந்தாச்சாம்மா. அங்க யாரு காப்பி போட்டுக் கொடுத்தாளோ" என்றேன்.

"ஏளா, அந்த மனுசனை ஒண்ணும் சொல்லாத."

"உங்களுக்கு என்னம்மா தெரியும் அவரைப் பத்தி?"

அம்மா கையிலிருந்த மீனின் தலையைக் கிள்ளி எறிந்தாள். "அண்ணன் நம்பரை நான்தான் கொடுத்தேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் சட்டியையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நீயும் அப்பாவும் மாடிக்குப் போனிய. அவரு டின் மேல உக்காந்துக்கிட்டு, எந்தச் சுவரை எடுத்தா உங்களுக்குச் சௌகரியமா இருக்கும்க்கான்னு கேட்டாரு. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரைச் சொல்லலாம்னுதான் வாயைத் தொறந்தேன். எல்லாத்தையும்னு வந்துட்டு."

"எல்லாத்தையுமா?"

"ஆமா. கல்யாணமாகி வந்த அன்னையிலேர்ந்து அந்த வீடு எனக்குப் பிடிக்கல, ஜெபா. வாயில வந்ததுக்கு அப்புறந்தான் அது எனக்கே தெரிஞ்சுது."

"அப்பாகிட்ட சொல்லிருக்கலாம்லா."

"அவங்க அப்பா கட்டுன வீட்டை இடிங்கன்னு நான் எப்படிச் சொல்ல?"

"அவரு அதுக்கு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. மகன் நம்பர் இருக்கான்னு கேட்டாரு. உங்க பேரு எங்கயும் வராதுக்கான்னாரு. வரலல்லா?"

வரவில்லை. அப்பாவின் ஏச்சையும், நான் வேலையை விட்டதையும், ஊர்ப் பேச்சையும் வாங்கிக்கொண்டு அவர் வாயைத் திறக்கவே இல்லை. முதல் நிமிஷம் உடனே போய் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. அடுத்த நிமிஷமே வேறொன்று தோன்றியது. ஒரு பெண் தன் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததைச் சொல்லி முடித்த அதே மூச்சில், மகன் நம்பரைக் கேட்கிற மனுஷன் எப்படிப்பட்டவன்?

"அவரு கேக்காம இருந்திருந்தா என்னம்மா செஞ்சிருப்பிய?"

"கேக்காம இருந்திருந்தா சொல்லிருக்க மாட்டேன். அங்கனயே கிடந்து செத்திருப்பேன்" என்றாள். அடுத்த மீனை எடுத்தாள்.

சில நாள் பொறுத்து, மார்க்கெட் பக்கத்து சைட்டுக்குப் போனேன். முதல் மாடித் தளத்தில் கான்கிரீட் இறுகுவதற்காகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். சார் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று கொத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். அது எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது.

"வாம்மா ஜெபா" என்றார், நேற்றுத்தான் பார்த்த மாதிரி.

வழியெல்லாம் என்னென்னவோ யோசித்துக்கொண்டு போயிருந்தேன். மன்னிப்புக் கேட்பதா, இன்னொரு தடவை சண்டை போடுவதா என்றுகூட முடிவு செய்யவில்லை. வாயில் வந்தது இதுதான்.

"அம்மா சொல்லிட்டாங்க சார்."

"எதை?"

"எல்லாத்தையும்."

அவர் வலது காதை என் பக்கம் திருப்பினார். கொத்தனாரைக் கையால் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னார். அவர் முகம் இறுகியிருந்தது. அவரிடம் வேலை பார்த்த காலத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"என்ன சொன்னாங்க?"

"அண்ணன் நம்பர் கொடுத்தது அவங்கதான்னு. வீட்டை இடிக்கச் சொன்னதும் அவங்கதான்னு."

சார் மூச்சை விட்டார். கட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"அதுவா" என்றார்.

பிறகு கொத்தனாரைத் திரும்பக் கூப்பிட்டு, அந்த மூலையில் தண்ணீர் நிற்கவில்லை என்று காட்டினார். என்னிடம் அம்மாவுக்கு இப்போது சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நான் ஏதோ பதில் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்தக் கட்டடம் முடிந்ததும் அவர் ஊரை விட்டுப் போய்விட்டார்.

சைட்டிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா ஜன்னலோரம் நின்று அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் எதிர்வீட்டு மாடியில் பட்டு அவள் கைமேல் விழுந்திருந்தது. நான் நிலைப்படியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னளா, அப்படிப் பாக்க?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். அவரிடம் இன்னும் என்ன சொல்லியிருக்கிறாள் என்று கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.